இரண்டு தோளும் படிய

பரீத் பயில்வானை நான் முதன்முதலில் பார்த்தது அவர் மல்லாந்து கிடந்தபோது. மட்டாஞ்சேரியில் அவரை அந்தக் கோலத்தில் பார்த்தவர் எவருமில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

எறணாகுளத்தில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை. எங்கள் தெருவிலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ‘என் மகன் கரண்டு வைக்கிற படிப்புப் படிச்சவன்’ என்று சொல்லும்போது அம்மாவின் குரல் தானாக ஒரு படி ஏறும். தமிழ் பேசும் நோயாளி வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள்.

கழுத்துக்கு மேல் நோய் உள்ளவர்களுக்கு முதலில் ஒரு முகமூடி செய்தாக வேண்டும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் துணிபோல இளகும். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, நெற்றியிலிருந்து தோள்வரை அதைப் போர்த்தி, ஓரங்களை மேசையோடு பூட்டிவிடுவோம். சில நிமிடங்களில் இறுகி அந்த ஆளின் அச்சாகவே ஆகிவிடும். அப்புறம் தினமும் அவரை அதற்குள் பூட்டித்தான் கதிர் செலுத்துவது. நூலளவும் அசையக் கூடாது.

முகத்தைப் பூட்டும்வரை பரீத் சாதுவாகக் கிடந்தார். வலது தோளைப் பூட்டினோம். இடது தோளைப் பூட்டியதும் உச்சந்தலையும் குதிகாலும் மட்டும் மேசையில் ஊன்றியிருக்க, நடு உடம்பு வில்லாக வளைந்து மேலே போயிற்று. ஒரு பூட்டு தெறித்துச் சுவரில் அடித்தது.

எழுந்து உட்கார்ந்து, தாடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “ஸாரி மோனே. நான் செய்யல. கழுத்து செஞ்சது.”

அந்தக் கழுத்தின் கதையைப் பிறகு காத்திருப்பு அறையில், கொஞ்சம் கொஞ்சமாக அவரே சொன்னார். அவர் விட்ட இடங்களை மனைவி நௌஷிதா நிரப்பினாள்.

பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். அத்தா பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினார். மீசை முளைக்கும் முன்பே பரீத்தும் அதே கிடங்குக்குள் போனார். கூரைவரை மூட்டை, காற்றுக்கு ஒரே ஜன்னல், தும்மினால் சுக்குத் தூசி. அந்தப் பையனுக்கு மூச்சுவிடக் கிடைத்த இடம் சாயங்காலத்துக் கோதாதான். தகரக் கூரை போட்ட செம்மண் தளம். அங்கே பழகிய குஸ்தியே அவருக்குத் தொழிலாயிற்று. பருவம் வந்தால் கர்நாடகத்துத் திருவிழாக்கள், கோலாப்பூர் பக்கத்துப் பந்தயங்கள் என்று போய்விடுவார். மற்ற மாதங்களில் மூட்டை.

மண் குஸ்தியில் புள்ளிக் கணக்கு இல்லை. இரண்டு தோளும் சேர்ந்து மண்ணில் படிந்தால் தோல்வி, அவ்வளவுதான். அவர்களுடைய கோதாவில் இன்னொரு வழக்கமும் உண்டு. விழுந்தவன் தன் முதுகு மண்ணைத் தானே தட்டிக்கொள்ளக் கூடாது. வீழ்த்தியவன் வந்து தட்டிவிட வேண்டும். மனஸ்தாபம் மண்ணோடு உதிர்ந்துவிடும் என்று சொல்வார்கள். பரீத் எத்தனையோ முதுகுகளைத் தட்டியவர். பெரியவனான பிறகு அவர் முதுகைத் தட்ட யாருக்கும் வாய்க்கவில்லை. தூக்கத்தில்கூட அவர் மல்லாந்து படுத்ததில்லை.

“கல்யாணமான புதுசுல நான் சும்மா வெளையாட்டுக்குத் தோள்ல கை வச்சு அழுத்தினேன்” என்றாள் நௌஷிதா. “மனுஷன் கண்ணைத் தொறக்காமலே என்னைக் கட்டில்லேருந்து கீழ தள்ளிட்டாரு.”

“ரெண்டாவது தடவை அழுத்தினியா நீ?”

“எதுக்கு, இடுப்பு ஒடியவா?”

நோய் வந்தது, ஆனால் பயில்வானின் உடம்பில் அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. காது அடைத்தது. நசுங்கிய காது அடைக்காமல் என்ன செய்யும்? மூக்கில் ரத்தம் வந்தது. முட்டி படாத மூக்கு கோதாவில் ஏது? இடப்பக்கக் கழுத்து தடித்தது. அதை எல்லோரும் கொண்டாடினார்கள். சங்கரன்கோவிலிலிருந்து கட்டட வேலைக்கு வந்த மாரிச்செல்வம்தான் அப்போது பரீத்தோடு தினமும் பிடிபோட்டுப் பழகுகிறவன்.

“பரீத்ணே, கழுத்து எருமைக்கடா கணக்கா ஏறுதே! என்னத்தத் திங்கிறீக?”

“கப்பக்கிழங்கும் மத்தி மீனும்டா. நீ புரோட்டாவை விடு முதல்ல.”

கழுத்து நன்றாக ஏறுகிறது என்று பரீத் கழுத்துப் பயிற்சியைக் கூட்டினார். எண்ணெய் போட்டு உருவச் சொன்னார்.

கண்டுபிடித்தது நௌஷிதா. தொழுகை முடியும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் முகத்தைத் திருப்பி, இரு தோள்களிலும் இருக்கும் மலக்குகளுக்கு, அதாவது வானவர்களுக்கு, ஸலாம் சொல்ல வேண்டும். வீட்டில் அவர் பின்னால் நின்று தொழுகிறவள் அவள்.

“மச்சான், இடது பக்கம் பாதி ஸலாம்தான் கொடுக்குறீங்க. அந்தத் தோள்ல இருக்குற மலக்கு கோவிச்சுக்கப் போறாரு.”

“அவர் நம்ம தப்பை எழுதுற மலக்குடி. அவர் முகத்துல முழிக்க எனக்கே வெக்கம்.”

“சிரிக்காதீங்க. முழுசாத் திரும்புங்க பாப்போம்.”

அவரால் முடியவில்லை.

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் கட்டி. கழுத்துக்கும் இறங்கியிருந்தது. கத்தி வைக்க முடியாத இடம். கதிரும் ஊசி மருந்தும்தான் வழி. வைத்தியத்துக்குக் கேட்கக்கூடிய வகைதான் என்றார் டாக்டர். ஆனால் பக்கத்திலேயே கண்ணுக்குப் போகும் நரம்பு இருக்கிறது. அசைந்தால் கட்டி தப்பித்துவிடும், கண் போய்விடும்.

“அசையாம கிடக்கணும், அவ்வளவுதான்.”

“அது ஒண்ணைத்தான் எனக்கு யாரும் பழக்கித் தரல டாக்டரே” என்றார் பரீத்.

லேசான மயக்கத்தில் வைத்து முகமூடியைச் செய்து முடித்தோம். ஆனால் தினமும் மயக்கம் கொடுக்க அவர் உடம்பு இடம் தராது. முதல் நாள் பூட்டி, முடியவில்லையென்றால் அழுத்தச் சொல்லி மணியடிக்கும் ரப்பர் பந்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கனத்த கதவை மூடினோம். பந்தை அவர் அழுத்தவே இல்லை. எந்திரம் சுற்றத் தொடங்கியதும் உடம்பு வளைந்தது. நிறுத்தினோம். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் டாக்டர் நௌஷிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் இந்த வைத்தியத்தையே கைவிட வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தேவரா தாண்டிப் பாலத்தின்மேல் பஸ் நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி. நெரிசலில் பரீத்தின் தோள்கள் இரண்டு ஆட்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டன. “இறக்கி விடுங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் பயந்து கதவைத் திறந்தார். பாலத்தில் இறங்கி வேகமாக நடந்தவருக்குப் பின்னால் நௌஷிதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“எவ்வளவு தூரம் போவீங்க மச்சான்? நாளைக்கும் அங்கதான வரணும்?”



அன்று சாயங்காலம் கோதாவுக்குப் போனார். நேராக நடுமண்ணில் மல்லாந்து படுத்தார். பழகிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

“மாரி, வந்து அழுத்து.”

“எதண்ணே?”

“தோளை. ரெண்டையும்.”

“போங்கண்ணே. நல்லா இருக்கையிலயே ஒங்களச் சாய்க்க முடியல. சீக்காக் கெடக்கையில அழுத்தி நான் என்ன பேரு வாங்கப் போறேன்?”

“பேரு வேணாம்டா, உசுரு வேணும். அழுத்து.”

மாரி மண்டியிட்டு அழுத்தினான். கழுத்து தன் வேலையைச் செய்தது. மாரி தூண் ஓரமாகப் போய் விழுந்தான். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பரீத் மறுபடி படுத்தார். மறுபடி விழுந்தான். அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்கு கேட்கத் தொடங்கியபோதுதான் தோள்கள் இரண்டும் மண்ணில் கிடந்தன, எழும்பாமல். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்து நடுங்கின. மாரி அழுதுகொண்டே அழுத்தினான். அவன் கண்ணீர் பரீத்தின் மூக்கில் விழுந்து கூசியது. துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை.

பாங்கு முடிந்ததும் எழுந்தார். முதுகு முழுக்கச் செம்மண். மாரி தள்ளிப்போய் நின்றான்.

“தட்டுடா.”

“என்னால ஆகாதுண்ணே.”

“ஜெயிச்சவன் தட்டாம நான் எப்படிடா வீட்டுக்குப் போறது? நௌஷிதா கட்டில்ல ஏத்தமாட்டா.”

மாரி தட்டினான். தினமும் வந்து அழுத்தினான், தட்டினான்.

முகமூடி மாரி அல்ல. அதற்கு வியர்க்காது, களைக்காது, அழாது. பூட்டிவிட்டால் முடியும்வரை விடாது. ஆனாலும் பரீத் கிடந்தார். சில நாட்கள் பந்தை அழுத்தினார். வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி பூட்டுவோம். உள்ளே உதட்டை அசைத்து ஓத முடியாது என்பதால் மனத்திலேயே தொழுது பார்த்தாராம். நின்று ஓதும்வரை சரியாக இருக்கும். குனிய வேண்டிய இடம் வந்ததும் கழுத்து முறுக்கிக்கொள்ளும். அதனால் நேராக சுஜூதுக்குப் போய்விட்டார்.

“சுஜூதுல நெத்தியும் மூக்கும் தரையில அழுந்தும்ல? இங்கயும் அதே எடத்துலதான் அழுந்துது. மொகம் மேல பாக்குது, அவ்வளவுதான்.”

“அது செல்லுமான்னு பள்ளிவாசல் உஸ்தாதுகிட்ட கேட்டீங்களா?” என்றேன்.

“கேக்கல. கூடாதுன்னு சொல்லிட்டார்னா உள்ள கெடந்து நான் எங்க மோனே போவேன்?”

வாரங்கள் போகப் போக வாய் வெந்தது. கஞ்சிகூட இறங்கவில்லை. பெரிய உடம்பு கரைந்தது. அப்போதுதான் அது நடந்தது. ஒருநாள் பூட்டிவிட்டு வெளியே வந்து, கதிருக்கு முன் இடம் சரிபார்க்கும் படம் எடுக்கக்கூடத் தொடங்கவில்லை, மணி அடித்தது. ஓடினோம். கழற்றியதும் காற்றாகிப்போன குரலில் சொன்னார்:

“பிடி லூஸாயிருக்கு மோனே. உள்ள தலை திரும்புது. இறுக்கு.”

கன்னமும் கழுத்தும் வற்றி, முகமூடிக்குள் இடம் விழுந்திருந்தது. பிடி தளர்ந்த நொடியில் வழுக்கி வெளியே வருவதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் கற்றது. அன்று அந்த இடைவெளியில் தலையை ஒருமுறை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாராம். “சொகமா இருந்தது” என்றார். அதற்குப் பிறகுதான் பந்தை அழுத்தியிருக்கிறார்.

படம் எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிய தகட்டை வெந்நீரில் போட்டோம். இம்முறை மயக்க மருந்து வேண்டாம் என்றார். முகத்தைப் பூட்டினோம், வலது தோளைப் பூட்டினோம். இடது தோளைப் பூட்டும்போது கால்விரல்கள் சுருண்டன. குதிகால்கள் மேசையில் அழுந்தின. நடு உடம்பு எழும்பவில்லை.

இப்போது பரீத்துக்கு நாற்பத்திரண்டு வயது. கடைசியாக எடுத்த படத்தில் கட்டி இல்லை. பரிசோதனைக்குத் தவறாமல் வந்துபோகிறார். உமிழ்நீர் ஊறுவது நின்றுவிட்டதால் எந்நேரமும் கையில் தண்ணீர் பாட்டில். கழுத்தில் அடி படக் கூடாது என்பதால் கோதாவில் இறங்குவதில்லை. பஜார் ரோட்டில் அதே சுக்குக் கிடங்கில், அந்த ஒற்றை ஜன்னலுக்குக் கீழே, மூட்டைகளுக்கு எடை பார்க்கிறார். இடப்பக்கத்து ஸலாம் இன்னும் பாதிதான் திரும்புகிறது. தூங்குவது ஒருக்களித்துத்தான்.