வீடு பார்க்கப் போகிற பால்

அந்த மழைக்காலத்தில் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் வாடகைக்கு வீடு பார்க்கப் புறப்படுவோம். நான், மனைவி, பிளஸ் டூ படிக்கிற மகள், நாலாவதாக ஒரு பால் பாக்கெட்.

பாலைக் கூட்டி வந்தவள் மனைவி. குடிபோகிற வீட்டில் முதலில் பால் காய்ச்சுவது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் எல்லோரும் வீடு கிடைத்த பிறகு காய்ச்சுவார்கள். இவளோ வீடு கிடைக்கும் முன்பே பாலை வாங்கி, சின்ன அலுமினியப் பாத்திரத்தோடு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கர்த்தர் இன்னைக்கே தந்துட்டாருன்னா? அப்போ பாலுக்கு எங்க ஓடுவீங்க?"

"கடைக்கு."

"கடை பூட்டிப்போச்சுன்னா?"

நடந்தேன். எனக்கு எப்போதும் நடை கொஞ்சம் வேகம். நின்றால் யோசனை வந்துவிடும்.

யோசிக்க அப்போது நிறைய இருந்தது. குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகமும் அந்த வருஷம்தான் கதவைச் சாத்தியது. வீடு அமையாவிட்டால் அவளும் மகளும் மார்த்தாண்டத்தில் அவள் அண்ணன் வீட்டுக்கு, நான் இங்கேயே தம்பானூரில் ஏதோ ஒரு லாட்ஜ் கட்டிலுக்கு என்று பேசி முடித்திருந்தோம். காலையில் குளியலறை டம்ளரில் மூன்று பிரஷ்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் என்னுடையதை எடுக்காமலே வெளியே வந்துவிடுவேன்.

வாடகை கொடுக்க முடியாதவர்கள் இல்லை நாங்கள். அவளுக்கு ஒரு கிளினிக்கில் வரவேற்பு வேலை இருந்தது. ஆனால் வீட்டுக்காரர்களுக்கு ஆண்பிள்ளையின் வேலை தெரிய வேண்டும்.

"எந்தா ஜோலி?"

"எழுத்து."

"அது செரி. ஜோலி எந்தா?"

சிலர் கோயிலா சபையா என்று கேட்காமலே கேட்டார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. பால் திரும்பி வரும். அதில் டீ போடுவாள். வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அந்தப் பாலில் டீ அபாரமாகத்தான் இருந்தது.

"இன்னைக்கும் உங்க கர்த்தர் டீதான் தந்தாரு," என்பேன்.

"தந்தாருல்லா? ஒரு ஸ்தோத்திரம் சொன்னீங்களா அதுக்கு?"

சொன்னதில்லை. நானும் விசுவாசிதான். ஆனால் என் விசுவாசம் என் குடை மாதிரி. நனைந்த பிறகுதான் எங்கே வைத்தேன் என்று தேடுவேன்.

ஒருநாள் புரோக்கர் கூப்பிட்டார். "சாரே, கோட்டைக்குள்ள ஒரு மேல் போர்ஷன். பச்சை கேட். மாடிப்படி வெளியிலதான். சாவி செடிச்சட்டிக்கு அடியில. தொறந்து பாருங்க, நான் பின்னால வர்றேன்."

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களை மழைக்குள் எறிந்துகொண்டிருந்தார்கள். பூக்கடைப் பிச்சி நனைந்து, வாசனை தெருவெல்லாம் ஓடிக் கால்களில் மோதியது. சந்துக்குள் திரும்பினோம். மஞ்சள் விளக்கடியில் பச்சை கேட். மாடிப்படி. செடிச்சட்டி. அடியில் சாவி.

திறந்தால், மாமரம் ஒன்று ஜன்னல் வரை வந்து எட்டிப் பார்க்கிற வீடு. அடுக்களையில் கேஸ் அடுப்பு, சிலிண்டர், ஆணியில் தொங்கும் லைட்டர்.

"பாத்தீங்களா, அடுப்போட தர்றாங்க!" அவள் பையை இறக்கிவிட்டாள்.

"இரு, வாடகை பேசல, ஆளைப் பாக்கல..."

"நீங்க ஜன்னலைத் தொறங்க."

பால் பொங்கி, மேடையில் வழிந்தது. அவள் கண்ணை மூடி உரக்க ஜெபித்தாள். அடுப்புக்கு நன்றி, ஜன்னலுக்கு நன்றி, மாமரத்துக்கு நன்றி. இந்த வீட்டுக்காரருக்குச் சுகம் தாரும், இந்தப் படியில் ஏறி இறங்குகிற காலுக்குப் பெலன் தாரும். நானும் மகளும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தோம்.

"எனக்கு முட்டுவலின்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

வாசலில் ஒரு பெண்மணி. எங்கள் வயதுதான் இருக்கும். ஒரு கையில் சொட்டுகிற குடை, மறு கை முழங்காலில்.

"எங்காத்து மாடியில என்ன பண்ணிண்டிருக்கேள் நீங்கள்லாம்?"

பச்சை கேட், புரோக்கர், சாவி என்று உளறினேன்.

"எங்க கேட் நீலம்னா! பச்சை கேட் அதோ, எதிர்ல."

ஜன்னல் வழியே பார்த்தேன். மஞ்சள் விளக்கு பொய் சொல்லியிருந்தது. எதிர்வீட்டுக் கேட்தான் அசல் பச்சை. அங்கேயும் மாடிப்படி, அங்கேயும் செடிச்சட்டி. இந்த ஊரில் சாவிகளெல்லாம் செடிகளுக்கு அடியில்தான் தூங்குகின்றன.

"இது வாடகைக்கு விடற எடமே இல்லே. பம்பாய்லேர்ந்து தம்பி வந்தா தங்கறதுக்கு வச்சிருக்கு."

மனைவி அடுப்பை அணைத்தாள். துப்பட்டா நுனியால் மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். "மன்னிச்சுக்கிடுங்க அக்கா. தொடைச்சுக் குடுத்துட்டுப் போயிடுதோம்." அந்த மாதம் முழுக்க நிமிர்ந்தே இருந்த தலை, அப்போதுதான் குனிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் மாமரத்தைப் பார்த்தேன்.

"துடைக்காதீங்கோ, நில்லுங்கோ. எந்தப் பக்கமாப் பொங்கித்து?"

எங்கள் யாருக்கும் அந்த வீட்டில் திசை தெரியாது. மகள் போனை எடுத்துப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நீட்டி, காம்பஸைப் பார்த்தாள். "வடகிழக்கு, ஆன்ட்டி."

"ம்," என்றுவிட்டு அந்தம்மா படியிறங்கிப் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. போலீசுக்குப் போன் போகப்போகிறது என்று நினைத்தேன். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

படியில் மறுபடி காலடிச் சத்தம். மேலே வந்தவர் கையில் ஒரு டப்பா, நாலு டம்ளர்.

"சக்கரை போடாத பாலையா குடிக்கப் போறேள்?"

மனைவி இறக்கி வைத்த பையைப் பார்த்தாள். ஒரு மாதமாகப் பாலைச் சுமந்தவள், சர்க்கரையை நினைக்கவே இல்லை.

"தம்பி வரமாட்டான்," என்றார், சர்க்கரையைப் போட்டு ஆற்றிக்கொண்டே. "அடுத்த லீவு, அடுத்த லீவும்பான். நான் அடுப்பைத் தொடச்சுத் தொடச்சு வச்சிண்டிருக்கேன். பால் பொங்கின ஆத்துலேர்ந்து மனுஷாளை மழையில எறக்கி விட்டுட்டு நான் எப்படித் தூங்கறது? மீன் உண்டோ?"

மனைவி அப்போதுகூடப் பொய் சொல்ல மாட்டாள். "உண்டு அக்கா." நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"எங்காத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்திண்டு பண்ணுங்கோ." என் பக்கம் திரும்பினார். "சாருக்கு என்ன ஜோலி?"

"எழுத்து," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"நல்லதாப் போச்சு. சத்தம் இருக்காது."

மகள் சிரித்த சிரிப்பில் பால் சிந்தியது. போன் அடித்தது. புரோக்கர். ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்க் கேட்டருகில் குடைபிடித்து நிற்கிறார். "சாரே, எவிடே? ஆளையே காணோமே!"

"அவரையும் வரச்சொல்லுங்கோ, பால் இருக்கே," என்றார் அந்தம்மா.

மனைவி என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள். "கடை பூட்டிப்போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

வாய் நிறையப் பால். சூடு, தித்திப்பு. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்றால் பொறுக்கவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றேன். பாதி பால் சட்டையில்.