ஞானதுரையின் இருநிறத் தக்காளி

வேம்பாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஞானதுரையின் மனைவி எஸ்தரின் போன் வந்தது. "அண்ணே, இவங்க நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர், போனது யார் என்று கேட்டார். முப்பது வருஷம் ஒரே கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தவர் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது "எங்க தக்காளிக்காரர்" என்பதுதான். எந்த மார்க்கெட்டில் கடை என்று அவர் அக்கறையாக விசாரித்தார்.

அவருடைய மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து கூடிய உங்களுக்கு அந்தத் தக்காளியை நான் விவரிக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் தோலில் அடியிலிருந்து சிவப்பு ஏறியிருக்கும். குறுக்கே வெட்டினால் மஞ்சள் சதைக்குள் சிவப்பு கீற்றுக் கீற்றாக ஓடும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ நோய் விழுந்த காய் என்று நினைத்தேன். புளிப்பு போதாது, மீன் குழம்புக்கு ஆகாது என்பது எஸ்தரின் தீராத குறை.

விதை கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் அனுப்பியது. மலையில் குளிர்ச்சியாக வளர்ந்தது நம்மூர் வெயிலில் பூவை உதிர்த்துவிட்டு நின்றது. உப்புக்காற்றைத் தாங்கிக் காய்த்த ஒரே செடியிலிருந்து விதை எடுத்தார் ஞானதுரை. மறுவருஷமும் அப்படியே. இப்படி ஏழு வருஷம். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு, இவர் போர் தண்ணீரில் குளிப்பார். கேட்டால், "எனக்கு உப்பு ஒத்துக்கிடும் வே, அதுக்கு ஒத்துக்கிடாது" என்பார்.

ருசி பார்ப்பதிலும் சட்டம் உண்டு. முதல் துண்டு கண்ணை மூடிக்கொண்டு, உப்பில்லாமல். இரண்டாவதற்குத்தான் உப்பு. நான் ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "நல்லாருக்குங்கிறது ருசி இல்ல வே, மரியாதை. நாக்கு என்ன சொல்லுதுன்னு சொல்லும்" என்றார். ரொம்ப நேரம் மென்று, முதலில் பப்பாளி, போகப்போகத் தக்காளி என்றேன். அன்று எனக்கு இன்னொரு துண்டு கிடைத்தது.

இனி நான் சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாசியில் அவரைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எஸ்தரும் கூடப் போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவி என்னிடம் வந்தது. சுத்தம் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது ஊரறிந்த விஷயம். அவர்கள் திரும்பும் நாளில் வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அடுக்களைக்குள் நுழைந்தேன். மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், துணி போட்டு மூடியிருந்தன. திறந்தால் வெள்ளைப் பூசணம், குப்பென்று நாற்றம். அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சாக்கடையில் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். தக்காளி விதையை அதன் சாற்றோடு புளிக்கவிட்டுத்தான் வழவழப்பை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பழைய விதைகளையெல்லாம் அவர் கேட்டவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார். யாரிடமும் அது பிழைக்கவில்லை. அந்த டம்ளர்களில் இருந்ததுதான் மிச்சம்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை, நேரே அடுக்களைக்குப் போனார். நானே சொல்லிவிட்டேன். கவிழ்த்திருந்த டம்ளர்களை நிமிர்த்தி வைத்தார். பிறகு "மேல வாரும்" என்று, எஸ்தர் தடுக்கத் தடுக்க, ஒவ்வொரு படியாக ஏறினார்.

வாடிய செடிகளுக்கு நடுவே ஒரே ஒரு பழம் இருந்தது. எலுமிச்சை அளவு, வெயிலில் வெடித்தது. பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டிப் பாதியை என்னிடம் நீட்டினார். "விதைய முழுங்காம வாயில வச்சுக்கிடும். மூணு நாள் ஊற வைக்க நேரமில்ல, வாயே வழவழப்ப எடுத்துரும்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபமா என்று கேட்டேன்.

"கோபந்தான் வே. அத நட்டா மொளைக்கவா போவுது?"

முப்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவர் டம்ளரில் நான் ஒருநாளும் வாய் வைத்ததில்லை. யார் எச்சிலும் எனக்கு ஆகாது. அன்று ஒரே எவர்சில்வர் தட்டில் அவர் துப்பினார், அதிலேயே நானும் துப்பினேன். விரலால் இரண்டையும் ஒன்றாகப் பரப்பி நிழலில் வைத்தார். காய்ந்ததும் ஒரு கவரில் போட்டு என் சட்டைப்பையில் திணித்தார். உங்கள் வீட்டிலேயே இருக்கட்டுமே என்றேன். "தொலைச்சவன்தான் பத்திரமாப் பாத்துக்கிடுவான்" என்றார். அடுத்த காய்ப்புக்குத் தான் இருக்கமாட்டோம் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் ஐப்பசி மழை பிடித்தது. கவரைப் பிரித்து எல்லாவற்றையும் விதைத்தேன். பதினொன்று முளைத்திருக்கின்றன. தினமும் காலையில் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். எது அவர் வாயிலிருந்து வந்தது, எது என் வாயிலிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.