கண்ணாடிப் பெட்டியின் கீழே கிடந்த பை

சென்ற தவணை, எங்கள் வெள்ளவத்தைப் பாடசாலையின் ஆண்டு பத்து மாணவிகளை விளையாட்டு வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். நான் கணினி ஆசிரியை. அடையாள அட்டை, அனுமதிக் கடிதம், தண்ணீர் என எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பைகளைத் திறந்து பார்க்கவில்லை.

பழைய ஓட்ட வீரர்களின் சப்பாத்துகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் கீழே ஒரு பை கிடந்தது. குண்டென்று பயந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். இராணுவத்தினர் வந்தார்கள்.

வெளியே, என் மாணவி நிலானி என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், அது என்ர பை."

"மறந்துபோய் விட்டிட்டு வந்தனீரோ?"

"இல்லை மிஸ், வேணுமெண்டுதான் வச்சனான். அண்ணான்ர ஓடுற சப்பாத்து. ஆமி ரவுண்டப்பில சுத்திவளைச்சு அவரைக் கொண்டுபோனவை, இன்னும் விடேல்ல. அம்மா அதைப் பாத்துப் பாத்து அழுறா. இங்கயெண்டா கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்குமெல்லே?"

அவளையும் கொண்டுபோய்விடுவார்களோ என்று அவளை என் பின்னால் நிறுத்திக்கொண்டு, அதிகாரியிடம் சிங்களத்தில் விளக்கினேன். அவர் பையை வெளியே கொண்டுவரச் செய்து திறந்து, சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினார். அடியிலிருந்த ஆணிகளிலிருந்து காய்ந்த மண் உதிர்ந்தது. கடுமையாக ஏசிவிட்டுப் போக விட்டார். நிலானி குனிந்து அந்த மண்ணைக் கைலேஞ்சியில் கூட்டி எடுத்தாள்.

இப்போது சுற்றுலாவுக்கு முதல்நாளே, என்ன கொண்டுவருகிறாள், ஏன் என்று ஒவ்வொரு மாணவியிடமும் தனியே கேட்கிறேன். நிலானி என்னிடம் ஒப்படைத்த அந்தச் சப்பாத்துகள் எங்கள் கணினி அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. கணினிகளுக்குத் தூசி ஆகாதுதான். ஆனாலும் அவற்றைத் துடைக்க நான் யாரையும் விடுவதில்லை.