தாஜ்மகாலைக் காசியில் விட்டேன்

பசங்களா, பாடப் புத்தகத்தில் தாஜ்மகால் படம் வந்தபோது, "ஆக்ரா போனியே நைனா, எப்படி கீது அது?" என்று கேட்டீங்க. வெள்ளையா இருக்கும் என்று சொல்லி நழுவிவிட்டேன். ஆக்ராவில் ஒரு பகல் முழுக்க இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

அப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் எனக்கு வேலை. பெரியவளே, நீ அம்மா வயிற்றில். கம்பெனி ஆளுங்க காசி, ஆக்ரா டூர் கிளம்பினார்கள். சமைத்துப் போட என்னையும் கூப்பிட்டார்கள். "தாஜ்மகாலை நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று உங்க அம்மா பட்டாபிராம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். அந்த ஒன்றுக்காகத்தான் நான் போனதே.

காசிக்குப் போனால் ஆசைப்பட்ட காய் ஒன்றைக் கங்கையில் விட்டுவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. எங்க மேஸ்திரி பாகற்காயை விட்டார். என்றைக்கு அவர் அதைத் தின்றார்? ஒருத்தன் சுரைக்காய், இன்னொருத்தன் புடலங்காய். என் முறை வந்தது.

"நீ காய உட்டா கொயம்ப யார்யா ருசி பாக்கறது?" என்றார் மேஸ்திரி. "நீ தாஜ்மகால உட்டுடு!"

படிக்கட்டே அதிரச் சிரித்தார்கள். கையில் ஒரு பூவைத் திணித்து, தலையைப் பிடித்து அமுக்கினார்கள். நானும் சிரித்துக்கொண்டே முழுகினேன். விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

ஆக்ராவில் யமுனைக் கரையோரம் ஒரு சத்திரம். விடியற்காலையிலேயே சோறு, சாம்பார் எல்லாம் முடித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

"இன்னாபா மாப்ள வேசம்? எங்க கெளம்பிட்டே?" என்றார் மேஸ்திரி.

"தாஜ்மகாலுக்கு, அண்ணாத்தே."

"கங்கையில உட்டத தொடலாமா? ஊட்ல பொண்டாட்டி மாசமா கீறா. பாவம் கொயந்தைய புடிச்சுக்கும். மூட்டைய பாத்துக்கினு இரு."

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொய் என்று தெரிந்தது. ஆனால் உன்னை நினைத்ததும் கால் எழவில்லை, பெரியவளே. குதிரை வண்டிகள் போய்விட்டன. மாடியில் ஏறிப் பார்த்தேன். கோட்டை மதில் மறைத்தது.

ரயிலுக்கு நேரம் நெருங்கும்போதுதான் திரும்பினார்கள்.

"நீ உட்டது எம்மாம் பெர்சு தெரியுமா மாமே? அண்ணாந்து பாத்து கய்த்தே வலிக்குது!"

"அதுல ஒரு கல்லக்கூட பாக்காத வந்தவன் நீ ஒர்த்தன்தான்யா!"

மேஸ்திரி சாம்பாரை நக்கிப் பார்த்து, "உப்பு கம்மி" என்று இலையை மடித்தார்.

அவர்கள் மூட்டை கட்டும்போது அண்டா கழுவ ஆற்றுக்குப் போனேன். கோணியில் மிஞ்சியிருந்த கத்தரிக்காய் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். எனக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். யமுனையும் கங்கையில்தானே போய்ச் சேருகிறது? "தாயே, இதை எடுத்துக்கோ, அதைத் திருப்பிக் குடு" என்று தண்ணீரில் விட்டேன். காய் மூழ்காமல் கரைக்கே வந்தது. இடுப்பளவு இறங்கி, ஆறு இழுக்கிற இடம் வரைக்கும் அதைக் கையால் தள்ளிக்கொண்டு போய் விட்டேன்.