திருப்பூரிலிருந்து அமராவதிக்கு, பின்விளக்கு எரியாத ஒரு ஜெனரேட்டரோடு

அமராவதி அணைக்குப் போக வழியும் செலவும் கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் யார் கேட்டாலும் 2008 ஆவணியில் போன பயணம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் அதையே சொல்கிறேன், வழியும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். திருப்பூரில் கரண்ட் போகும் நேரத்தை வைத்துத்தான் நாங்கள் சோறே வடித்தோம். என் கணவர் ஜெபராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், அந்த வருடம் ஒரு பழைய ஜீப்பையும், அதன் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டர் ஒன்றையும் வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். நான் அதே கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். அங்கே ஆரம்பித்த பழக்கம்தான் கல்யாணத்தில் முடிந்தது. வேறு ஊர், வேறு மதம் என்று அப்பா என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது.

இந்த நிலைமையில்தான் தம்பி கார்த்திக்குக் கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. தம்பியின் போன்தான் வந்தது.

"அக்கா, பந்தலுக்கு ஜெனரேட்டர் வேணுமுங்க. மாமாவையும் கூட்டிட்டு வண்டியோட வந்துருங்க. வாடகைக்கு வந்தவங்களை அப்பா எப்படிங்க போகச் சொல்லுவாரு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு வாடகை வண்டியில் ஏறிப் போகும் அக்கா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் விட மனமில்லை. பந்தல் இருட்டிக் கிடக்கும் நேரத்தில் நாங்கள் போய்ச் சேராவிட்டால், அப்பா முகத்தில் இனி எந்தக் காலத்திலும் விழிக்க முடியாது என்று தோன்றியது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம் மூன்றரைக்குக் கிளம்பினோம். பல்லடம், குடிமங்கலம், உடுமலை வழியாக எங்கள் ஊர். அமராவதி நகருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. வண்டி மீட்டரில் எண்பத்தாறு கிலோமீட்டர் காட்டியது. பின்னால் அவ்வளவு பாரம் இழுத்துக்கொண்டு முப்பதுக்கு மேல் ஓட்ட முடியாது. பல்லடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். அத்தனையும் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஊரில் மட்டும் கரண்ட் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

குடிமங்கலத்தில் டீ குடிக்க இறங்கினோம். பின்னால் வந்து நின்ற லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, பிரேக் போட்டா பின்னால ஒண்ணுமே எரியறதில்லீங்களே. இருட்டுனா எப்படிங்க போவீங்க?"

ஒரு கல்யாணப் பந்தலுக்கே வெளிச்சம் கொடுக்கப் போகிற வண்டிக்கு முதுகில் ஒரு சிவப்பு பல்புகூட எரியவில்லை. மணி ஐந்தரை.

"இப்படியே போயிடலாங்க" என்றேன். அவர் அசையவில்லை. "பின்னால வாரவன் இடிச்சான்னா கல்யாண வீடு எழவு வீடாயிரும். நீ ஏறி பிரேக்க மிதி" என்றார்.

தம்பிக்குப் போன் போட்டு, பின் லைட் எரியவில்லை, தாமதமாகும் என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மிதி என்றால் மிதித்தேன், விடு என்றால் விட்டேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பல்பை மாற்றினார், எரியவில்லை. ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இருக்கும் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுக்கியது. இண்டிகேட்டர் போட்டால் நான்கு பல்பும் தூக்கக் கலக்கத்தில் கண் திறப்பதைப் போல மங்கலாகத் துடித்தன. வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி, ஒரு முனையை விளக்குக்கு வரும் கரண்ட்டிலும், மறு முனையை ஜீப்பின் இரும்பிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அதே முனையை டிரெய்லர் இரும்பில் இருந்த எர்த் போல்ட்டில் வைத்தார். எரியவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெயிண்டு" என்றார்.

மாமனார் வீட்டுக்கு முதல் முறையாகப் போகிறோம், வண்டி அழுக்காக இருந்தால் மதிப்பார்களா என்று, இரண்டு நாளாக உட்கார்ந்து டிரெய்லர் முழுக்க வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார். எர்த் வயர் மாட்டும் போல்ட்டைக்கூடக் கழற்றி, அந்த இடத்துக்கும் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் அதன் மேலேயே முறுக்கியிருக்கிறார். ஜீப்பில் மாட்டும் கொக்கியையும் விட்டுவைக்கவில்லை. கரண்ட் திரும்பிப் போக வழியே இல்லை. எலக்ட்ரீஷியன் செய்கிற வேலையா இது! திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. யாருக்காக அடித்த பெயின்ட் அது!

போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தையும் கொக்கியையும் உப்புத்தாள் வைத்து இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து மாட்டினார். மிதித்தேன்.

"எரியுதுல்லா!" என்று பின்னாலிருந்து கத்தினார். டீக்கடைக்காரரும் கை தட்டினார். கிளம்பும்போது ஆறு பத்து.

உடுமலையைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. உடுமலை எல்லையிலிருந்து ஒரு மொபெட் எங்கள் பின்னாலேயே வந்தது. அதன் ஒற்றை மஞ்சள் விளக்கு கண்ணாடியில் கூசியது. கையைக் காட்டி வழி விட்டாலும் முந்தவில்லை. "தாண்டிப் போய்த் தொலைய மாட்டேங்கானே" என்று அவர் முனகிக்கொண்டே ஓட்டினார்.

ஊருக்குள் நுழைவதற்கு முன் வேலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. எதையாவது இழுத்துக்கொண்டு போகிறவர்கள் கொக்கியை நம்பி எர்த் விடாதீர்கள். பிளக் வழியாகத் தனி வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். பல்புகள் மங்கலாக, சம்பந்தமில்லாமல் மினுக்கினால் முதலில் எர்த்தைப் பாருங்கள். மாற்று பல்பும் உப்புத்தாளும் வண்டியில் இருக்கட்டும். அன்றைக்கு டீசல் நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. அணைக்குப் போகிறவர்கள் பகலிலேயே போங்கள், முதலைப் பண்ணையையும் பார்த்துவிட்டு வரலாம்.

பந்தல் வாசலில் வண்டி நின்றது. எங்கும் கும்மிருட்டு, அங்கங்கே அரிக்கேன் விளக்கு. பின்னால் வந்த மொபெட்டும் நின்றது. இறங்கியது அப்பா.

தம்பி ஓடிவந்து என் காதில் சொன்னான்: "நீங்க போன் பண்ணப்ப பக்கத்துலயே இருந்தாருங்க. பின்னால லைட்டு இல்லாம வர்றாங்கன்னேன். பூ வாங்கிட்டு வர்றேன்னு வண்டியை எடுத்துட்டுப் போனவருதாங்க."

அப்பா கையில் பூ இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என் கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எடது பக்க லைட்டு கொஞ்சம் மங்கலா எரியுதுங்க மாப்ள. பாத்துக்குங்க."

ஜெனரேட்டரை ஓட விட்டதும் பந்தல் பகலாகிவிட்டது. நான் டிரெய்லர் பின்னால் போய்ப் பார்த்தேன். இடது விளக்கு வலது விளக்கைப் போலவே நன்றாகத்தான் எரிந்தது. "இதுல என்னங்க மங்கல்?" என்றேன்.

"சும்மா இரு" என்றார் என் கணவர். மூடியைக் கழற்றி, நன்றாக எரிந்த பல்பை எடுத்துவிட்டுப் புது பல்பு போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போனார்.

"மாத்திட்டேன் மாமா. இப்பம் சரியா எரியுது."

அப்பா வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செரிங்க மாப்ள. எலை போட்டாச்சு" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் வாங்க."