தவசுகாலத்துப் பயறு

சண்முகவடிவு கருவாட்டைக் கைவிட்டது 1951இல். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்தியாவுக்குக் கப்பலேறிய புருஷன் வீரய்யா திரும்பும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். ஆறு மாதம் என்று நினைத்து நேர்ந்தது எட்டு வருஷமாகிவிட்டது. அம்மன் மேல் குற்றமில்லை. அம்மன் கெடு கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. அந்தக் குளிரில் மலையேறிக் கொழுந்து பறிக்கிறவளுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எந்த மூலைக்கு? கண்ணை இருட்டிக்கொண்டு தேயிலைக்குள் விழுந்த அன்று, தோட்டத்து மருந்துக்கார ஐயா இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"கருவாடு, முட்டை வேணாம்னா விடு. பயறு, பருப்பு, கடலையாவது தினமும் தின்னணும். இல்லேன்னா ஒன்னைய மலைக்கு அனுப்பாதீங்கன்னு தொரைகிட்டச் சொல்லிருவேன்."

பயறுக்கா பஞ்சம்? டின்னில் இருந்தது. ஒருத்திக்காக ஊறவைத்து, ஒருத்திக்காக அடுப்பு மூட்டி, ஒருத்தியாக உட்கார்ந்து தின்னத்தான் மனம் வரவில்லை. தனியாகச் சமைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சோம்பேறி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒட்டியொட்டி வீடுகள் நிற்கும் அந்த லயத்தில் பக்கத்துக் காம்பரா பவுலினுடையது, அவள் வேதக்காரி. தவசுகாலம் வந்தால் அவள் வீட்டிலும் நாற்பது நாள் மீன், இறைச்சி கிடையாது. அந்த வருஷம் சாம்பல் புதனன்று அவளே சட்டியோடு வந்து நின்றாள்.

"வடிவு, நாங்களும் இப்ப ஒன்னை மாதிரித்தான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சட்டியாப் போட்டுருவமா?"

நாற்பது நாளும் பயறும் கடலையும் பருப்பும் மாறி மாறி வெந்தன. பவுலின் தேங்காய் துருவினாள், வடிவு அம்மியில் மிளகாய் அரைத்தாள். பவுலினின் பிள்ளைகள் இவள் மடியில் சாய்ந்து கடலை கொறித்தார்கள். வடிவின் முகத்தில் களை வந்தது. கொழுந்து நிறுக்கும்போது கங்காணி, "என்ன தாயி, கூடைக்குள்ள கல்லு கில்லு போட்டியா?" என்று கேலி செய்தார்.

உயிர்த்த ஞாயிறன்று காலையில் வடிவு வழக்கம்போல இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பயறு வேகவைத்துவிட்டாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து ஆட்டிறைச்சி வாசம் வந்த பிறகுதான் நாற்பது நாள் முடிந்துபோனது உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பவுலின் கிண்ணத்தில் இறைச்சியோடு வந்தாள்.

"எங்களோட வந்து தின்னு வடிவு. இன்னும் எத்தனை நாளைக்கு? வீரய்யாவுக்கு அங்க வேற குடும்பம் ஆயிருச்சாம். லயமே பேசுது, ஒனக்கு மட்டும் தெரியல."

"தெரியும்க்கா. ரெண்டு வருசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா இப்புடி?"

"இத வாயில வச்சா, அவரு வரமாட்டாருன்னு நானே சொன்னதா ஆயிரும். அப்புறம் நான் யாருக்காக இருக்கேன்னு சொல்லிக்கிறது?"

பவுலின் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தன் பிள்ளைகளிடம் போனாள்.

இரண்டு வீட்டுக்கு வெந்த பயறைச் சண்முகவடிவு ஒருத்தியாக மூன்று நாள் தின்றாள். அந்தக் குளிரில் அது கெட்டும் போகவில்லை.