பொட்டுக்காரியும் மொட்டையும்

பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசனை வந்தால் போதும், அந்தப் பால்காரர் நினைவுக்கு வந்துவிடுவார். எழுபதுகளில் மயிலாப்பூரில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் நான் குமாஸ்தா. ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் அவர் கொண்டுவரும் பாலைத் தினமும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. சோதனை என்றால் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவதுதான். நல்ல பாலில் அந்தக் கண்ணாடிக் குழாய் தலைநிமிர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் அமிழும், அது காட்டும் எண் குறையும்.

எங்களிடம் இரண்டு இருந்தன. கைக்கு வந்ததை எடுப்பேன். அவர் விடவில்லை. "நீ பாட்டுக்கு நம்பர் போட்டுக்கினு கீறியே, எந்தக் குச்சி சொல்லிச்சுன்னு எழுதும்மா. கோர்ட்டுல சாட்சி பேரு கேக்க மாட்டானா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே நைனா?"

"அப்போ ஒண்ணுக்குப் பொட்டு வையி."

விடுதிப் பெண் ஒருத்தி நகப்பூச்சு கொண்டுவந்து ஒன்றின் உச்சியில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். அன்றுமுதல் எண்ணுக்குப் பக்கத்தில் 'பொட்டுக்காரி' அல்லது 'மொட்டை' என்று எழுதினேன், சிரித்துக்கொண்டேதான். இப்போதெல்லாம் வெயில் இத்தனை, ரத்த அழுத்தம் இத்தனை என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருவதில்லை. எந்தக் கருவி சொன்னது என்று மனம் கேட்கிறது.

ஒரு மாதக் கடைசியில் வார்டன் மாமி பதிவேட்டைப் புரட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டார். "பாதி நாள் தண்ணி விட்டுண்டு வந்திருக்கே. நாளைலேருந்து வராதே."

எங்கள் விடுதியை நம்பித்தான் அவருடைய நாலு எருமைகளும் தீனி தின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், குரல்கூட உயரவில்லை. என்னைப் பார்த்து, "கொறஞ்ச நம்பரெல்லாம் யாரு சொன்னதுன்னு படிம்மா" என்றார்.

படித்தேன். மொட்டை. மொட்டை. மறுபடி மொட்டை. பொட்டுக்காரி சொன்ன ஒரு நாளில்கூடக் குறை இல்லை. எழுதியவள் நான், எனக்கே அது தெரியாமல் போயிருந்தது.

மாமி இரண்டையும் ஒரே பாத்திரத்துப் பாலில் விட்டார். பொட்டுக்காரி நிமிர்ந்து நின்றாள். மொட்டை கழுத்துவரை இறங்கிற்று. எடுத்துத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அடியில் மயிரிழை விரிசல், உள்ளே வெளுப்பாக நாலைந்து சொட்டு.

மாமி சிரித்தேவிட்டார். "தண்ணி பால்ல இல்லைடீ, இதுக்குள்ளன்னா இருக்கு! நாளைக்கு வழக்கம்போல வாப்பா."

சில மாதங்களில் எனக்குத் தி.நகரில் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் காலை, வாசலில் அவரை நிறுத்திக் கேட்டேன்: "நெஜமா சொல்லுங்க நைனா, ஒருநாள்கூடத் தண்ணி விட்டதில்லையா?"

சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றியபடி சொன்னார்:

"என்னியக் கேட்டா? பொட்டுக்காரியக் கேளும்மா."